பால்கிவாலாவும் நம் தண்ணீர்த் தொட்டியும்

(அரசியல் சாசன நாளையொட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியாகிறது.)



1949 நவம்பர் 26-ல் நம் அரசியல் சாசனத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. அந்த நாளில் யாராவது ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் அம்மா சொன்னார். "சார், உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது" என்றார். ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைக்கும் கௌரவம் இதுதான். நான் வக்கீல் இல்லை. பி.காம். முடித்து, 1984-ல் ஒரு நாட்டுடைமை வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2020-ல் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். அதனால் சட்டத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒரு வக்கீலைப் பற்றிச் சொல்கிறேன். கடைசியில் நம் தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன். ஏன் அங்கே போய் முடிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் பொதுக்குழுவில் ஒரு சிறப்புத் தீர்மானம் வருகிறது. சீசனில் வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்கள், விருந்தாளி தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தண்ணீர் நிதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் போன ஏப்ரலிலிருந்து கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கலாம். கமிட்டியின் முடிவே இறுதி முடிவு. இதன் முதல் வரைவை எழுதியவன் நான்தான். ஏப்ரல், மே மாதங்களில் நம் தொட்டி காலி. லாரித் தண்ணீருக்கு எல்லோரும் சேர்ந்து பணம் கட்டுகிறோம். வாரக் கடைசியில் வந்து தங்குகிறவர்கள் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கோபத்தில் எழுதினேன். இன்றைக்கு அந்த வரைவைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா. இன்னொருவர் 2002-ல் காலமாகிவிட்ட நானி பால்கிவாலா.

பால்கிவாலா 1920-ல் பம்பாயில் பிறந்த பார்சி. முன்னோர்கள் பல்லக்குச் செய்யும் தொழிலில் இருந்தவர்கள், அதனால் அந்தப் பெயர். சிறு வயதில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பிற்காலத்தில் அதே வாய்தான் உச்ச நீதிமன்றத்தைக் கட்டிப் போட்டது. என்னைப் போன்ற காமர்ஸ் மாணவர்களுக்கு அவர் பெயர் முதலில் அறிமுகமானது வருமான வரிப் புத்தகத்தில். ஜம்ஷெட்ஜி காங்காவும் அவரும் சேர்ந்து எழுதிய அந்தப் புத்தகம் 1950-ல் வந்தது. இன்றும் வரி வக்கீல்கள் மேஜையில் இருக்கிறது. 1958-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் வந்ததும் அதை விளக்கிப் பொதுக்கூட்டத்தில் பேசுவார். பம்பாயில் கிரீன் ஹோட்டல் என்ற சின்ன ஹோட்டலில் ஆரம்பித்த கூட்டம், பிறகு பிரேபோர்ன் ஸ்டேடியம் நிறைய ஆட்கள் வரும் அளவுக்கு வளர்ந்தது. வரிக்கணக்கைக் கேட்க ஒரு கிரிக்கெட் மைதானம் நிறைந்தது என்றால் நம்ப முடிகிறதா?

அவரைக் கன்சர்வேடிவ் என்பார்கள். நம் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் பஞ்சாங்கம், மடி, ஆசாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது இல்லை. அரசாங்கத்தின் கையில் அளவுக்கு மீறி அதிகாரம் சேரக் கூடாது, தனிமனிதனின் சொத்தும் தொழிலும் பேச்சும் பத்திரமாக இருக்க வேண்டும், நன்றாக ஓடும் ஏற்பாட்டை ஒரு நாள் கோபத்தில் உடைக்கக் கூடாது என்று நினைக்கிறவர் என்று அர்த்தம். சேலத்தில் வக்கீலாக இருந்த நம் ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்து, பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம் என்று காங்கிரஸ் அரசைச் சாடினாரே, கிட்டத்தட்ட அதே வழி. ராஜாஜி அதைக் கட்சி மேடையில் சொன்னார், பால்கிவாலா கோர்ட்டில் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், வேலையில் இருந்தவரை எனக்கு அவரைப் பிடிக்காது. யூனியன் கூட்டங்களில் அவரைப் பணக்காரர்களின் வக்கீல் என்றுதான் பேசுவோம். காரணம் வங்கி வழக்கு.

1969 ஜூலை 19. நாடாளுமன்றம் கூடுவதற்கு இரண்டே நாள் இருக்கும்போது, அவசரச் சட்டம் போட்டு 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் உள்ள வங்கிகள். சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் அடக்கம். ஆர்.சி. கூப்பர் என்ற பங்குதாரர் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் பால்கிவாலா. 1970 பிப்ரவரி 10-ல் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வில் 10 பேர் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம். சட்டம் செல்லாது என்று தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கவே கூடாது என்று சொன்னதாகத்தான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்படிச் சொல்லவில்லை. நாட்டுடைமை ஆக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றுதான் கோர்ட் சொன்னது. ஆனால் 14 வங்கிகளை மட்டும் தனியாகப் பிரித்து, அவை இனிமேல் வங்கித் தொழிலே செய்ய முடியாதபடி ஆக்கியது பாரபட்சம். நஷ்டஈட்டைக் கணக்கிட்ட முறையும் சரியில்லை. குறை அவ்வளவுதான். நாலே நாளில், பிப்ரவரி 14 அன்று, அரசு குறைகளைத் திருத்தி வேறு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வங்கிகள் அரசிடமே இருந்தன. நான் அவற்றைப் போன்ற ஒன்றில்தான் 36 வருஷம் சம்பளம் வாங்கினேன்.

நாட்டுடைமை பற்றி இன்றும் நான் பால்கிவாலா கட்சி இல்லை. நம் கீழ்மலையில் ஒரு கிளையில் சில வருஷம் இருந்தேன். காப்பித் தோட்டத்துக்கும் மலைவாழைக்கும் கடன் கேட்டு வருவார்கள். மேல்மலைப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள் நகையை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். லாபம் ஒன்றையே பார்த்திருந்தால் அந்த மாதிரி ஊருக்கு வங்கி ஏறி வந்திருக்குமா என்பது என் கேள்வி. ஆனால் அந்த வழக்கில் பால்கிவாலா சொன்ன அடிப்படை விஷயத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நோக்கம் நல்லதாக இருந்தாலும் வழி ஒழுங்காக இருக்க வேண்டும். ஒழுங்கான வழியில் போனால் நல்ல நோக்கம் தோற்றுவிடாது. அந்த நாலு நாளே அதற்குச் சாட்சி.

இதை என் பாஷையில் சொல்கிறேன். வங்கியில் கேஷ் சேஃப்புக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், மற்றது ஹெட் கேஷியரிடம். ஜாயிண்ட் கஸ்டடி என்போம். இரண்டு பேரும் நின்றால்தான் பெட்டி திறக்கும். ஒரு சமயம் ஹெட் கேஷியர் லீவில் போக, அவர் இடத்தில் நான் இருந்தேன். அன்றைக்குச் சாயந்திரம் எனக்கு ஊரில் ஒரு கல்யாணம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மேனேஜர் நல்ல மனிதர். "சாவியைக் கொடுத்துவிட்டுப் போப்பா, நான் பூட்டிக்கொள்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டுப் போனேன். மறுநாள் எண்ணினோம். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பிறகு இன்ஸ்பெக்‌ஷனில் விஷயம் வெளியே வந்து இரண்டு பேருக்கும் மெமோ. "சார், பணம் சரியாகத்தானே இருந்தது?" என்றேன். வந்த அதிகாரி சொன்னார்: "மேனேஜர் யோக்கியர் என்பதால் இருந்தது. எல்லாக் கிளையிலும் யோக்கியர் இருப்பார் என்று எழுதிக் கொடுக்கிறாயா?"

அரசியல் சாசனமும் இந்த இரண்டு சாவி ஏற்பாடுதான். நாடாளுமன்றத்திடம் ஒரு சாவி, நீதிமன்றத்திடம் ஒரு சாவி. இன்றைக்கு ஆட்சியில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

கேசவானந்த பாரதி வழக்கில் பேசப்பட்டதும் இதுதான். காசர்கோடு பக்கத்தில் இருக்கும் எடநீர் மடத்தின் தலைவர், கேரள அரசின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களை எதிர்த்துப் போட்ட வழக்கு. மடத்தின் நிலத்தில் ஆரம்பித்து, நாடாளுமன்றம் தனக்கிருக்கும் பெரும்பான்மையைக் கொண்டு சாசனத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா என்ற கேள்வியில் போய் நின்றது. 13 நீதிபதிகள். 68 நாள் விசாரணை. மனுதாரர் பக்கம் முன்னின்று வாதாடியவர் பால்கிவாலா. 1973 ஏப்ரல் 24-ல் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சாசனத்தைத் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் அழிக்க முடியாது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்! நம்மைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உள்சுவரை மாற்றலாம், டைல்ஸை மாற்றலாம், பெயிண்டை மாற்றலாம். எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டாலும் கீழே நிற்கும் தூணை எடுக்க முடியுமா?

அந்த வழக்கில் கேரள அரசுக்காக எதிர்ப்பக்கம் வாதாடியவர் எச்.எம். சீர்வை. அவரும் பார்சி, அவரும் மேதை. அடிப்படைக் கட்டமைப்பு என்று ஒன்று கிடையாது என்று கோர்ட்டில் வாதாடியவர், பிற்காலத்தில் தம் புத்தகத்தின் மறுபதிப்பில் அந்தத் தீர்ப்பு சரியே என்று ஏற்றுக்கொண்டார். இடையில் நெருக்கடி நிலை வந்து போயிருந்தது. எழுதினதை மாற்றிக்கொள்வதில் வெட்கமில்லை என்ற தைரியம் எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது.

நெருக்கடி நிலையை நினைத்தால் பால்கிவாலா செய்த இன்னொரு காரியமும் ஞாபகம் வருகிறது. அலகாபாத் தீர்ப்பை எதிர்த்து இந்திரா காந்தி அம்மையார் உச்ச நீதிமன்றம் போனபோது அவருக்கு வக்கீல் பால்கிவாலாதான். வங்கி வழக்கில் அவருடைய அரசை எதிர்த்தவரே, இந்த வழக்கில் சட்டப்படி அம்மையார் பக்கம் நியாயம் உண்டு என்று எடுத்துக்கொண்டார். 1975 ஜூன் 24-ல் நிபந்தனையோடு தடையுத்தரவும் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிப்பு. உடனே அந்த வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில், கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுபடி பரிசீலிக்க 13 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பால்கிவாலா எழுந்து வாதாடினார். இரண்டு நாள் விசாரணைக்குப் பிறகு அந்த அமர்வே கலைக்கப்பட்டது.

அவரைக் கோவிலில் வைக்கச் சொல்லவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, வழக்கை அமெரிக்காவில் நடத்துவதா இந்தியாவில் நடத்துவதா என்ற கேள்வி வந்தது. இந்திய நீதிமன்றங்களுக்கு அந்தத் திறமை உண்டு என்று யூனியன் கார்பைடு பக்கம் அமெரிக்கக் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர் பால்கிவாலா. வழக்கு இங்கே வந்தது. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பாதிக்கப்பட்ட ஜனங்கள் அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். பெரிய மனிதர்களின் கணக்கிலும் பற்றுப் பக்கம் உண்டு. அதையும் எழுதினால்தான் பேலன்ஸ் ஷீட்.

வரி விஷயத்தில் அவர் சொன்னதை மறுப்பவர்கள் இன்று குறைவு. 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜையும் சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். இப்படி வரி போட்டால் ஜனங்கள் பொய்க்கணக்கு எழுதத்தான் கற்றுக்கொள்வார்கள், விகிதத்தைக் குறைத்தால் வசூல் கூடும் என்று வருஷா வருஷம் சொன்னார். முன்தேதியிட்டு வரி போட்டால் என்ன ஆகும் என்பதை அவர் காலத்துக்குப் பிறகு நாமே பார்த்தோம். 2012-ல் வோடஃபோன் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதே ஆண்டு பழைய தேதியிலிருந்து செல்லும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டு நடுவர் மன்றம் வரை போய், கடைசியில் 2021-ல் அரசே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். அரசியல் பேச வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை.

பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு இங்கே பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். மலைப்பகுதி விதிப்படி இரண்டு தளத்துக்குத்தான் அனுமதி. எழுந்தது ஏழு. 1994 மே மாதம் அரசு ஒரு ஆணை போட்டு விதிவிலக்குக் கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு கோர்ட்டுக்குப் போனது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் ஹோட்டலுக்குக் கைகொடுக்கவில்லை. பிறகு கிரிமினல் வழக்கு. 2000 பிப்ரவரி 2-ல் முன்னாள் முதல்வர் உள்ளிட்டவர்களுக்குத் தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்துவிட்டது. ஆனால் தண்டனை வந்த அன்று தர்மபுரியில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே எரிந்து போனார்கள். நம் ஊர் ஹோட்டலுக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. விதியைக் கொஞ்சம் வளைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கும் போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பேரும் ஞாபகம் வருவார்கள்.

அந்த வழக்கில் கோர்ட் செய்தது கோர்ட்டின் வேலை. சட்டம் இருக்கிறது, அதை ஆட்சி மீறக் கூடாது என்று சொன்னது. இ-பாஸ் விஷயம் வேறு மாதிரி. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நம் ஊருக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று கோர்ட்டே எண்ணிக்கை வைத்தது. பெருமாள்மலையிலிருந்து ஏரி வரை நகராமல் நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது நிம்மதி. கடை வைத்திருப்பவர்களுக்கும் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் வயிற்றுப் பிரச்சினை.

இங்கேதான் ஒரு கன்சர்வேடிவ் வக்கீலின் கேள்வி உபயோகப்படும். ஒரு மலை எத்தனை வண்டி தாங்கும் என்பது சட்டக் கேள்வியா, நிர்வாகக் கேள்வியா? ஓட்டு வாங்கி வந்தவர்கள் எண்ணிக்கை வைத்தால் அடுத்த தேர்தலில் கேட்கலாம். நீதிபதியை யார் கேட்பது? அதே சமயம், கேட்க வேண்டியவர்கள் பல வருஷம் கேட்காமல் இருந்ததால்தானே கோர்ட் வந்தது? ஐஐடி சென்னை, ஐஐஎம் பெங்களூரு நிபுணர்களின் ஆய்வும் இதில் உண்டு. என் அபிப்பிராயம், ஆய்வு முடிவை வைத்து அரசே ஒரு விதியைக் கொண்டுவர வேண்டும். அதை அரசு மீறினால் கோர்ட் கேட்க வேண்டும். ஹெட் கேஷியர் வரவில்லை என்பதற்காக மேனேஜர் இரண்டு சாவியையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. நிரந்தரமாக வராமல் இருக்க ஹெட் கேஷியருக்கும் உரிமை இல்லை. இதில் உங்களில் பாதிப் பேருக்கு என்னோடு ஒப்புதல் இருக்காது. டீ குடிக்கும்போது பேசலாம்.

இனி தண்ணீர்த் தொட்டி.

நம்மிடம் 48 வீடு. நாள் வாடகைக்கு விடுபவர்கள் 11 பேர். விடாதவர்கள் 37. சிறப்புத் தீர்மானத்துக்கு நம் துணைவிதிப்படி நாலில் மூன்று பங்கு, அதாவது 36 ஓட்டு வேண்டும். நான் வரைவு எழுதியபோது முதலில் போட்ட கணக்கே இதுதான். ஒரு ஓட்டு உபரி! 37 பேரும் சேர்ந்தால் அந்த 11 பேரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

வரைவு சுற்றுக்கு விட்ட வாரத்தில் அந்தப் பெரியம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மே மாதம் மகள் வீட்டுக்குப் போகும்போது தன் வீட்டை ஒரு குடும்பத்துக்கு விட்டுவிட்டுப் போவார். அந்தப் பணம்தான் வருஷம் முழுக்க மருந்துக்கு. "தம்பி, இனிமே கட்டணும்னா கட்டறேன். போன ஏப்ரல்ல இது தப்புன்னு யாரும் சொல்லலையே? சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேனே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சாசனத்தின் 20-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒரு காரியம் செய்த அன்று அது குற்றமாக இல்லை என்றால், பிறகு சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது. நாட்டின் கிரிமினல் சட்டத்துக்கான பிரிவுதான் அது, நம் சங்கத்தை நேரடியாகக் கட்டாது. ஆனால் நியாயம் ஒன்றுதானே? கொலைக்காரனுக்குக் கொடுக்கும் பாதுகாப்பைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க மாட்டோமா?

அதனால் என் வரைவில் நானே நாலு திருத்தம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, முன்தேதி வேண்டாம். தீர்மானம் நிறைவேறும் நாளிலிருந்துதான் கட்டணம்.

இரண்டு, ஆளைப் பார்த்துக் கட்டணம் வேண்டாம், தண்ணீரைப் பார்த்துக் கட்டணம் போடுவோம். 48 வீட்டுக்கும் மீட்டர். ஓர் அளவு வரை ஒரே விகிதம், அதற்கு மேல் கூடுதல். வாடகைக்கு விடுபவரானாலும், கமிட்டி உறுப்பினரானாலும், மூன்று தடவை கார் கழுவுபவரானாலும் அதே விகிதம். வங்கி வழக்கில் 14 பேரை மட்டும் தனியாகப் பிரித்ததுதான் குறை என்று சொன்னேன். 11 பேரை மட்டும் பிரிப்பதும் அதே குறைதான்.

மூன்று, தண்ணீரைத் துண்டிக்கும் ஷரத்தை எடுத்துவிட வேண்டும். பாக்கி இருந்தால் 15 நாள் நோட்டீஸ், அவர் தரப்பைக் கேட்பது, பிறகு பாக்கி வசூலுக்கு உரிய சட்ட வழி. மெதுவாகத்தான் நடக்கும், எனக்குத் தெரியும். கோர்ட் தாமதத்தைப் பற்றிப் பால்கிவாலாவே நிறையப் புலம்பியிருக்கிறார். ஆனால் குழாயை மூடுவது அரை மணி நேர வேலை என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

நாலு, கமிட்டி முடிவே இறுதி என்ற வரி வேண்டாம். கமிட்டியில் இல்லாத மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு இருக்கட்டும். அதில் ஒருவர் வாடகைக்கு விடுபவர்களிலிருந்து வரட்டும். இரண்டாவது சாவி அது.

"சார், இப்படி எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த சீசனிலும் தொட்டி காலிதான்" என்று பி பிளாக் நண்பர் ஒருவர் போனிலேயே கோபித்துக்கொண்டார். அவர் கவலை நியாயம். மீட்டர் வைக்கச் செலவு உண்டு, பிளம்பர் இந்த மலைக்கு ஏறி வர நாள் ஆகும். ஆனால் மாற்று வழியை யோசியுங்கள். முன்தேதி அபராதம் போட்டால் 11 பேரில் ஒருவராவது கோர்ட்டுக்குப் போவார். தடையுத்தரவு வாங்கினால் மீட்டரும் இல்லை, அபராதமும் இல்லை, வக்கீல் ஃபீஸ் மட்டும் மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1978-ல் கொண்டுவந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலில் இல்லை. 300ஏ பிரிவில், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று மட்டும் நிற்கிறது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு இங்கே ஒரு வீடு வாங்கிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரிதான் கதவுத் தாழ்ப்பாள். நாளை நம்மை யாராவது ஒரு பெரும்பான்மை நெருக்கும்போது நாமும் அதைத்தான் பிடித்துக்கொள்வோம். இன்றைக்கு 37-ல் நான் ஒருவன். வேறு ஒரு விஷயத்தில் 11-ல் ஒருவனாக இருக்கலாம்.

அந்த வேறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்காரி விட மாட்டாள். நாலு வருஷத்துக்கு முன் பனி தாங்காமல் என் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்தேன். சங்கத்திடம் அனுமதி கேட்கவில்லை. கமிட்டியில் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. ஏழு தளத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியவில்லை. நேற்று செயலாளர் அம்மாவிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நிராகரித்தால் கழற்றிவிடுகிறேன். மற்றவர்களுக்கு என்ன முறையோ அதுவே எனக்கும் என்று அதில் எழுதியிருக்கிறேன்.

திருத்தங்களின் நகல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன் எல்லோரும் படித்துவிட்டு வாருங்கள். அந்த 11 பேரையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாமல் அவர்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.